கடலடித் தந்தி ஏன் மெதுவாகப் போனது?

கேள்வி: எங்கள் ராயபுரத்துக் கடலுக்குள் அந்தக் காலத்திலேயே சிங்கப்பூருக்குத் தந்தி கேபிள் போட்டார்களாமே! மின்சாரம் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும், பிறகு ஏன் அவ்வளவு மெதுவாகச் செய்தி போனது?
- வாசகி, ராயபுரம்

பதில்: ஆமாம், 1871-இல் மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு. நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றி கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் உறை, வெளியே இரும்புக் கம்பியும் உப்புத்தண்ணீரும். ஆக, முழுக் கேபிளுமே ஒரு நீளமான கன்டென்சர், அதாவது மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் பாத்திரம் மாதிரி. தந்திச் சாவியை அழுத்தினால் அது நிரம்ப வேண்டும், விட்டால் வடிய வேண்டும், அதற்குள் அடுத்த மோர்ஸ் புள்ளியை அனுப்பினால் இரண்டும் கலந்து குழம்பிவிடும். நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்கு என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் இயற்பியலாளர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. 1858 அட்லான்டிக் கேபிளில் அதன் மின் வேலைக்குப் பொறுப்பாளராக இருந்த வைட்ஹவுஸ் என்பவர் வோல்டேஜை ஏற்றித் தள்ளப் பார்த்தார், ஏற்கெனவே பலவீனமாக இருந்த உறை தாங்கவில்லை, சில வாரங்களில் கேபிள் போச்சு. தாம்சன் வழிதான் சரி: செம்பைத் தடிமனாக்கு, மின்சாரத்தைக் குறை. மறுமுனையில் காந்தம் ஒட்டிய குட்டிக் கண்ணாடி பட்டு இழையில் தொங்கும், துளி மின்னோட்டத்துக்கும் திரும்பும், அதில் பட்ட விளக்கொளி அளவுகோலில் இடமா வலமா நகர்கிறது என்று பார்த்தே எழுத்தைப் படித்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த கருவி இது.

கேள்வி: நடுக்கடலில் கேபிள் அறுந்தால் இடம் எப்படித் தெரியும்?
- வாசகர், காசிமேடு

பதில்: கரையிலிருந்தே மின்தடையை அளப்பார்கள். ஒரு கடல் மைலுக்கு எத்தனை ஓம் என்று முன்பே தெரியும், வகுத்தால் தூரம் வந்துவிடும். அறுந்த முனை தண்ணீரில் சேர்க்கும் தடையையும் கழிக்க வேண்டும், சிரமம் அதில்தான். அப்புறம் கப்பல் போய்க் கொக்கி போட்டுத் தூக்கும்.