நீதிபதிக்கு ஓட்டுப் போட முடியாது. ஆனால் உங்களுக்கு 14 நாள் மிச்சம் இருக்கிறது

கேள்வி: நான் பெரம்பூரில் வசிக்கிறேன். வயது 61. பூர்வீக வீட்டில் பங்கு கேட்டு அண்ணன்கள் மீது போட்ட பாகப்பிரிவினை வழக்கு ஏழு வருடம் நடந்தது. நடுவில் மூன்று நீதிபதிகள் மாறினார்கள். கடைசியாக வந்தவர் எல்லோர் முன்னாலும், "கல்யாணத்துக்குப் போட்ட நகை போதாதாம்மா?" என்று கேட்டார். 1986-லேயே எனக்குத் திருமணம் ஆகிவிட்டதால் பங்கில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார். தீர்ப்பு வந்து இன்றோடு 16 நாள். கவுன்சிலரையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். நீதிபதியை யார் கேட்பது? உத்திரமேரூரில் அந்தக் காலத்திலேயே குடவோலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்தார்களே, நீதிபதிகளையும் மக்களே தேர்ந்தெடுத்தால் என்ன? இவர் மீது புகார் கொடுத்தால் நீதிமன்ற அவமதிப்பு என்று என் மேலேயே வழக்கு வருமா?

பதில்: நீங்கள் கேட்டவற்றுக்கு முன்னால், கேட்காத ஒன்று. தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் நாளைக் காலை முதல் வேலை அதுதான். மேல்முறையீடு மாவட்ட நீதிமன்ற அளவில் என்றால் 30 நாள் கெடு, உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். உங்கள் வழக்கின் மதிப்பைப் பார்த்து வக்கீல் எது என்று சொல்வார். அதுவரை 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நகல் தயாராக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் காலம் இந்தக் கெடுவில் சேராது. நாளை மனுப் போட்டால் 16 நாள் செலவு, 14 நாள் கையிருப்பு. நகல் தயாரான மறுநாளிலிருந்து அந்த 14 ஓடத் தொடங்கும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். நகல் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். மனுப் போட்ட நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், கட்டிய நாள், தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள் எல்லாம் நகலிலேயே குறிக்கப்பட்டிருக்கும். தயாராகி நகல் பிரிவு மேசையில் கிடந்த பத்து நாள் உங்கள் கணக்கில்தான் விழும். முத்திரைத்தாள் கட்டச் சொல்லி அறிவிப்புப் பலகையில் போடுவார்கள்; அதைக் கவனிக்காமல் விட்டால் நகல் மனுவே தள்ளுபடியாகிவிடும். தீர்ப்பு, அதன் முடிவை முறைப்படி சொல்லும் தீர்ப்பாணை இரண்டுக்கும் சேர்த்தே கேளுங்கள். கெடு தாண்டிவிட்டால், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி காரணம் காட்டித் தனி மனுப் போட வேண்டும். எதிர்த்தரப்பு அதையே ஒரு வழக்காக நடத்தி ஒரு வருடத்தை விழுங்கிவிடும்.

இனி 1986 விஷயம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தபோது, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தந்தது. ஆனால் அதற்கு முன்பே திருமணமான பெண்களை விலக்கிவைத்தது. உங்கள் அண்ணன்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்துவிட்டது. அதில் திருமணத் தேதி என்ற தடையே இல்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உங்களுக்கு எதிராக முக்கியமாக நிற்கக்கூடியது இது: 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்த பாகப்பிரிவினையோ விற்பனையோ நடந்திருந்தால் அதைக் கலைக்க முடியாது. வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். வீடு உண்மையில் அப்பாவின் சுயசம்பாத்தியம் என்று தெரிந்தால் வாதமே வேறு. அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் 1956 சட்டப்படியே மகளும் முதல் வகுப்பு வாரிசு.

அதாவது, நீங்கள் கேட்கும் 'மக்கள் விருப்பம்' உங்கள் வழக்குக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. ஓட்டுப் போட்டு அனுப்பிய சட்டமன்றமும் நாடாளுமன்றமும் எழுதியதுதான் 1989-ம் 2005-ம். நீதிபதி கட்டுப்பட வேண்டியது அந்த எழுத்துக்கு. மீறினால் கேட்பது மேல்முறையீட்டு நீதிமன்றம். இதை விட்டுவிட்டு நீதிபதியையே தேர்தலில் நிறுத்தியிருந்தால்? கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு வீட்டில் பங்கா என்று 1986-ல் தெருத் தெருவாக வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அண்ணன்கள் இருவருக்கு இரண்டு ஓட்டு, உங்களுக்கு ஒன்று.

தேர்தல் வைத்துப் பார்த்த ஊர்களும் உண்டு. அமெரிக்காவில் மத்திய நீதிபதிகள் நியமனம். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வகையில் தேர்தல். மேற்கு வர்ஜீனியாவில் 5 கோடி டாலர் இழப்பீடு கட்ட வேண்டியிருந்த நிலக்கரி நிறுவனத்தின் தலைவர், 2004-ல் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போட்டியிட்ட ஒருவருக்கு ஆதரவாகச் சுமார் 30 லட்சம் டாலர் செலவழித்தார். அவர் ஜெயித்தார். வழக்கு அவர் அமர்ந்த அமர்வுக்கே வந்தது. தீர்ப்பும் நிறுவனத்துக்குச் சாதகம். அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் 5-க்கு 4 என்ற கணக்கில். அயோவாவில் தன்பாலினத் திருமணத் தீர்ப்புக்காக மூன்று நீதிபதிகளை 2010-ல் வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மெக்சிகோ 2025 ஜூனில் நாடு தழுவிய நீதிபதித் தேர்தல் நடத்தியது. வாக்களிக்க வந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 13 பேர். நம் ஊரில் தேர்தல் எப்படி நடக்கிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேட்பாளராக நின்ற நீதிபதிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று தேடிக்கொண்டு வழக்கு நடத்தும் யாரும் நீதிமன்றப் படியேறுவதை நான் விரும்ப மாட்டேன்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைத் தேர்தலுக்குச் சாட்சியாக அடிக்கடி இழுக்கிறார்கள். அங்கே பெரும்பான்மை ஓட்டு எண்ணப்படவில்லை. தகுதி பெற்றவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் அடுத்த முறை குடத்தருகே வர முடியாது என்பதுதான் அதில் கடுமையான விதி.

நீதிபதி காட்ட வேண்டிய கணக்கு, தீர்ப்பில் எழுதும் காரணம். உரிமையியல் வழக்கில் ஒவ்வொரு எழுவினாவுக்கும், அதாவது நீதிமன்றம் தீர்மானிக்க எடுத்துக்கொண்ட ஒவ்வொரு கேள்விக்கும், தனித்தனியாக முடிவும் காரணமும் சொல்ல வேண்டும் என்பது விதி. நகல் வந்ததும் ஒரு பென்சிலோடு உட்காருங்கள். எழுவினாக்களை எண்ணுங்கள். எதற்கு விடை இல்லை, எதற்கு விடை இருந்தும் காரணம் இல்லை, நீங்கள் தாக்கல் செய்த எந்த ஆவணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை என்று ஓரத்தில் குறியுங்கள். 2005 திருத்தத்தைத் தீர்ப்பு எங்காவது தொட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேல்முறையீட்டு மனுவின் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்ற இடைக்காலத் தடை மனுவையும் மேல்முறையீட்டோடு சேர்த்தே போடச் சொல்லுங்கள். தள்ளுபடியான வழக்கில் நிறுத்திவைக்க எதுவும் இல்லை. தடை தனியாகக் கேட்டால்தான் கிடைக்கும். முதல் மேல்முறையீட்டில் உண்மை விவரம், சாட்சியம் எல்லாவற்றையும் மறுபடி அலசலாம். அதற்கடுத்த இரண்டாம் மேல்முறையீட்டில் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் நுழைய முடியும். ஆகவே எதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மிச்சம் வைக்காதீர்கள்.

நடத்தை பற்றிய புகார் வேறு கணக்கு. கீழமை நீதிமன்றங்களின் கட்டுப்பாட்டை அரசியலமைப்பின் 235-வது பிரிவு உயர் நீதிமன்றத்திடம் தந்திருக்கிறது. புகார் பதிவாளர் பெயருக்குப் போக வேண்டும். இதற்கென்றே கண்காணிப்புப் பிரிவுப் பதிவாளர் இருக்கிறார். முகவரி: சென்னை உயர் நீதிமன்றம், சென்னை - 600 104. மொட்டைக் கடுதாசி குப்பைக்குத்தான் போகும். பெயர், முகவரி, கையெழுத்தோடு, பிரமாண வாக்குமூலமும் இணைத்துக் கொடுங்கள். வழக்கு எண், தேதி, காலையா மாலையா, சொன்ன வார்த்தை சொன்னபடியே, அப்போது அங்கே இருந்தவர்கள் யார் யார் என்பது இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். 'ஒருதலைப்பட்சம்', 'எதிரியிடம் விலைபோனவர்' போன்ற சொற்கள் வேண்டாம். ஆதாரம் இல்லாத ஒரு வரி, ஆதாரமுள்ள பத்து வரியைக் கெடுத்துவிடும். பதிவு அஞ்சலில் அனுப்பி ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

'தீர்ப்பு தவறு' என்பது மட்டும் புகார் ஆகாது. அப்படி எழுதினால் மேல்முறையீடு செய்துகொள்ளுங்கள் என்று மூடிவிடுவார்கள், மூடுவதும் சரிதான். ஒவ்வொரு தீர்ப்புக்கும் விசாரணை வைத்தால் தோற்பவருக்குப் பயந்து எழுதும் நீதிபதிதான் மிஞ்சுவார். நகை பற்றிக் கேட்டது அந்த ரகம் இல்லை. பெண்களைப் பற்றிய பழகிப்போன எண்ணங்களை நீதிமன்றப் பேச்சிலும் எழுத்திலும் தவிர்க்க 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கையேடு வெளியிட்டிருக்கிறது. அந்தப் பேச்சு தீர்ப்பிலும் எழுத்தாக வந்திருந்தால், புகாரோடு மேல்முறையீட்டுக் காரணங்களிலும் சேருங்கள். செல்போனில் பதிவு செய்த ஒலி யாரிடமாவது இருந்தால் அதை இணைக்காதீர்கள். அனுமதியில்லாமல் நீதிமன்றத்துக்குள் பதிவு செய்ததே தனிச் சிக்கலாகிவிடும்.

அவமதிப்புப் பயம் இந்த வழியில் தேவையில்லை. 1971-ஆம் ஆண்டு அவமதிப்புச் சட்டத்தின் 6-வது பிரிவு, கீழமை நீதிபதி பற்றி நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்திடம் சொல்வது அவமதிப்பு ஆகாது என்கிறது. முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பதற்கு 5-வது பிரிவு காப்பு. அதே புகாரைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும் போட்டால் 6-வது பிரிவின் காப்பு கிடைக்காது. அதிகபட்சத் தண்டனை ஆறு மாதம், 2,000 ரூபாய் அபராதம். தொகை சிறிது, அலைச்சல் பெரிது.

மூன்று நீதிபதிகள் மாறியது பற்றி: அது பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டி வரும் பொது இடமாறுதல். முந்தையவர் பதிந்த சாட்சியத்தை வைத்தே புதியவர் தொடரலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கும் வாசகர்களுக்கும் இரண்டு குறிப்பு. வாய்தா ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அடிக்கடி தள்ளிப்போனால் அந்தந்த நாளிலேயே ஆட்சேப மெமோ தாக்கல் செய்து வையுங்கள். வாதம் முடிந்தால் 30 நாளில், மிஞ்சினால் 60 நாளில் தீர்ப்பு வர வேண்டும். உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு மூன்று மாதம் தாண்டினால் விரைவில் சொல்லும்படி மனுப் போடலாம்; ஆறு மாதம் தாண்டினால் வேறு அமர்வுக்கு மாற்றும்படி தலைமை நீதிபதியிடம் கேட்கலாம். 2001-ல் அனில் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இது. கீழ் நீதிமன்றத்துக்குக் கெடு விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தை அணுகுவது நம் ஊரில் வழக்கம். ஆனால் விதிவிலக்கான சூழலில் மட்டுமே அப்படிக் கெடு வைக்கலாம் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. வயது, உடல்நிலை போன்ற காரணத்தைச் சான்றோடு காட்டத் தெரிந்தால்தான் பலன்.

உங்கள் கோபத்தில் முழு நியாயம் இருக்கும் இடம் இதற்கு மேல் படியில் இருக்கிறது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நீக்க நாடாளுமன்றத்தால்தான் முடியும். மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்து, மூவர் குழு விசாரணை, பிறகு இரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். 1993-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீதான தீர்மானத்துக்கு ஆதரவாக 196 வாக்குகள், எதிராக ஒன்றுகூட இல்லை; 205 பேர் வாக்களிக்காமல் இருந்ததால் தோற்றது. 2011-ல் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென் மீதான தீர்மானம் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவைக்கு வருமுன் அவரே ராஜினாமா செய்தார். சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த வீராசாமி வழக்கில், நீதிபதிகளும் ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்டவர்களே என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலக்காமல் வழக்கே பதிய முடியாது என்றும் சேர்த்துச் சொன்னது. நியமனத்தை நீதிபதிகள் குழுவே பரிந்துரைக்கிறது; அதை மாற்ற வந்த சட்டம் 2015-ல் செல்லாமல் போனது. கதவு இருக்கிறது, தள்ளத்தான் ஆள் போதாது. இதைத் திருத்தக் கேட்க வேண்டியது உங்கள் எம்.பி.யிடம்.

அப்படிக் கேட்டால் நடக்குமா என்றால், ஜல்லிக்கட்டு நம் கண்முன் இருக்கிறது. 2014-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியது. அவசரச் சட்டமும் திருத்தமும் வந்தன. 2023 மே மாதம் அதே உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. எந்த நீதிபதிக்கும் யாரும் ஓட்டுப் போடவில்லை.

உங்கள் வரிசை இது: முதலில் நகல் மனு, அடுத்து மேல்முறையீடும் தடை மனுவும், கடைசியாகப் புகார். புகார் கொடுத்திருக்கிறேன் என்பதற்காகக் கெடு ஒருநாளும் நிற்காது. வக்கீல் செலவு கட்டுப்படியாகாது என்றால் 15100 என்ற இலவச எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண் என்பதாலேயே உங்களுக்குத் தகுதி உண்டு. வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். போகும்போது தீர்ப்பு நகலையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துப் போங்கள்.