தனுஷ்கோடிச் சாலையில் சைக்கிள் ஓட்டிய பழக்கம் லான்சரோத்தே எரிமலைத் தீவுக்குப் போதுமா?

இராமநாதபுரம் கடற்கரையில் மட்டுமே சைக்கிள் ஓட்டியவர் ஸ்பெயினின் லான்சரோத்தே தீவைச் சுற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடிக்காற்று குறுக்காக அடித்துத் தார்ச்சாலையில் மணலை வாரி இறைக்கும் அரிச்சல்முனைப் பாதையில், கைப்பிடியை இறுக்காமல் தளர்வாகப் பிடிக்கக் கற்றவருக்கு அத்தீவின் வடகிழக்குக் காற்று புதிதன்று.

ஏற்றம்தான் சிக்கல். நம் கரையில் பாம்பன் பாலத்தை விட்டால் மேடே இல்லை. அங்கோ மிக உயர்ந்த மலை 671 மீட்டர், அதையொட்டி ஆரியா ஊருக்குச் செல்லும் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஆகவே வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் சாலையில் முன்கூட்டியே ஏறிப் பழகுங்கள்.

1730 முதல் 1736 வரை பொங்கிய எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் திமன்ஃபாயா தேசியப் பூங்காவை, யாய்சா ஊரிலிருந்து வடக்கே செல்லும் பொதுச்சாலையில் சைக்கிளிலேயே கடக்கலாம். பூங்காவின் உள்சுற்றுக்கு மட்டும் பேருந்துதான். எரிமலைக் கற்கள் கூர்மையானவை என்பதால் சாலையை விட்டு இறங்காதீர்கள். நிழல் அரிது, தண்ணீரைக் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள்.