சி.டி.யில் குறை இல்லை, எம்.ஆர்.ஐ. எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு வயது ஒன்றேகால். சென்ற மாதம் காய்ச்சலில் வந்த வலிப்பு 40 நிமிடம் நிற்கவில்லை. அன்றே எடுத்த சி.டி. ஸ்கேனில் குறை இல்லை என்றார்கள். நினைவுகளைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும் என்கிறார் நரம்பியல் மருத்துவர். மயக்க மருந்து கொடுத்து இன்னொரு ஸ்கேன் தேவைதானா?

– வாசகி ஒருவர்

பதில்: தேவை என்பதே என் கருத்து. இரத்தக்கசிவு போன்றவற்றை விரைந்து கண்டறிய உதவும் சி.டி., காதுக்கு நேர் உள்ளே தடித்த எலும்பை ஒட்டிக் கிடக்கும் ஹிப்போகாம்பஸின் நுண்ணிய மாற்றங்களைக் காட்டாது. 15 நிமிடத்துக்குள் அடங்கி, உடல் முழுவதும் ஒருசேர வந்து, அன்றே திரும்ப வராத காய்ச்சல் வலிப்புக்கு வழக்கமாக எந்த ஸ்கேனும் வேண்டியதில்லை. உங்கள் மகளுக்கு வந்தது அந்த வகையன்று.

30 நிமிடத்தைத் தாண்டும் வலிப்பில், சில குழந்தைகளுக்கு மட்டும், முதல் சில நாட்களில் ஹிப்போகாம்பஸ் வீங்கி, நீர் மிகுந்த இடங்களை வெளுப்பாகக் காட்டும், எம்.ஆர்.ஐ.யின் ‘டி2’ வகைப் படங்களில் வெளுத்துத் தெரியும். அவர்களுள் சிலருக்குப் பல மாதங்களில் அது சுருங்கித் தழும்பாகிறது, பிற்காலத்தில் காய்ச்சலின்றியே வலிப்பு வரவும் அதனால் இடமுண்டு. ஒரு மாதம் கடந்துவிட்டதால் இனி வீக்கத்தைவிட, இருபக்க ஹிப்போகாம்பஸின் அளவிலும் வடிவிலும் வேறுபாடு உள்ளதா என்பதையே முதன்மையாகப் பார்ப்பார்கள். அதன் நீளவாக்குக்குச் செங்குத்தான மெல்லிய வெட்டுப்படங்கள் இதற்கு அவசியம்; பொதுவான மூளைப் படம் போதாது.

இந்த வயதில் ஒரு சிக்கலும் உண்டு. நரம்பிழைகளைப் போர்த்தும் மையலின் உறை இரண்டு வயது வரை வேகமாக வளர்ந்துகொண்டிருப்பதால், மூளையின் சாம்பல்நிறப் பகுதியும் வெண்பகுதியும் படத்தில் தெளிவாகப் பிரிந்து தெரிவதில்லை. ஆகவே குழந்தைகளின் படங்களைப் பார்த்துப் பழகிய கதிரியல் மருத்துவரே அதைப் படிக்க வேண்டும். ஐயம் எஞ்சினால் இரண்டு வயதுக்குப் பின் மீண்டும் எடுக்க நேரலாம்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. மயக்க மருந்தை, குழந்தைகளுக்குக் கொடுத்துப் பழகிய மயக்கவியல் மருத்துவர் உடனிருக்கும் இடத்தில் கொடுப்பதே நல்லது. எத்தனை மணி நேரம் முன்பே பாலை நிறுத்த வேண்டும் என்பதை அவரிடமே கேட்டு, பிசகாமல் பின்பற்றுங்கள்.

படம் நன்றாக வந்தாலும் கவனிப்பை விட்டுவிடாதீர்கள். லண்டனில் நரம்பியல் உளவியலாளர் ஃபரானே வர்கா-காதெம் குழுவினர் 1997இல் விவரித்த மூவருக்கு, ஒருவருக்குப் பிறப்பின்போதும் மற்றவர்களுக்கு 4, 9 வயதுகளிலும், இருபக்க ஹிப்போகாம்பஸும் பழுதுபட்டிருந்தன. அவர்கள் பேசவும் படிக்கவும் கற்றுப் பொதுப் பள்ளியிலேயே பயின்றார்கள். ஆனால் அன்றன்று நடந்ததை நினைவில் வைக்க முடியவில்லை. ஒன்றேகால் வயதில் இதைச் சோதித்தறிய இயலாது. பள்ளி செல்லும் வயதில், காலையில் நடந்ததை மாலையில் உங்கள் மகளால் சொல்ல முடிகிறதா என்று கவனியுங்கள். தொடர்ந்து தடுமாறினால், இந்த வலிப்பின் விவரத்தையும் பழைய படங்களையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் செல்லுங்கள்.