ஆசிரியர் மதிப்பீட்டு முறைக்குள் இருந்துகொண்டே, நல்ல பாடத்திட்டம் போட ஆசிரியர்களுக்கு எப்படி உதவுவது?

புதிதாக ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக வந்திருப்பதாகவும், அதிகாரிகள் வந்து வகுப்பைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் ஆசிரியர்களுக்குத் திட்டமிடல் பகுதியில்தான் மதிப்பு குறைகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இத்தனைக்கும் பாடக்குறிப்பேடு ஒருவர் விடாமல் எழுதுகிறார்கள் என்கிறீர்கள். அந்தக் குறிப்பேட்டைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

நான் சேலம் மாவட்டத்தில் ஆசிரியர் பயிற்றுநராக வேலை பார்த்தவன். அதில் ஏழு வருடம் ஏற்காட்டு மலைப் பள்ளிகள். ஒரு பள்ளிக்குள் நுழைந்ததும் என் முதல் வேலை பாடக்குறிப்பேட்டைக் கேட்டு வாங்குவது. அறிமுகம், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டுதல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், தொடர்பணி எல்லாத் தலைப்பும் இருக்கிறதா, வாரத் தேதி சரியா என்று பார்த்து, பச்சை மையில் 'நன்று' போட்டுக் கையெழுத்து வைப்பேன். ஐந்து வாரக் குறிப்பை ஒரு டீ ஆறுவதற்குள் முடித்த நாள்களும் உண்டு.

நாகலூர்ப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி. அங்கிருந்த டீச்சரின் குறிப்பேடு அவ்வளவு அழகு. தலைப்புகள் சிவப்பு, உள்ளே நீலம், அடிக்கோடெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டது. அன்று கடன் வாங்கிக் கழித்தல். வழக்கம்போல 'நன்று' போட்டுவிட்டு வகுப்பின் கடைசியில் உட்கார்ந்தேன். 302-லிருந்து 158-ஐக் கழிக்கச் சொன்னார். என் பக்கத்தில் இருந்த பையன் 256 என்று எழுதினான். அவனுக்கு முன்னால் இருந்த பெண்ணும் 256. இன்னொருத்தன் 154. சரியான விடையான 144 இரண்டு சிலேட்டில்தான் இருந்தது. டீச்சர் பதறிப்போய் அதே கணக்கை அதே மாதிரி இன்னொரு முறை போர்டில் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டார்கள். மதிப்பீட்டுத் தாளில் திட்டமிடலுக்கு எவ்வளவு போடுவது என்று யோசிக்கும்போதுதான் உறைத்தது: அரை மணி நேரத்துக்கு முன்பு இதே திட்டத்துக்கு 'நன்று' போட்டவன் நான்.

256 சும்மா வந்துவிடவில்லை. 2-லிருந்து 8 போகாது, அதனால் 8-லிருந்து 2-ஐக் கழித்து 6. அப்படியே 5-லிருந்து பூஜ்யம் போக 5, 3-லிருந்து 1 போக 2. எந்த இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறார்கள். 154 எழுதியவன் கடன் வாங்கத் தெரிந்தவன். நடுவில் பூஜ்யம் இருந்ததால் நேராக நூறிடம் போய்க் கேட்டுவிட்டான். இரண்டும் எதிர்பார்க்கக்கூடிய தப்புகள். ஆனால் அவை எங்கே வரும் என்று எழுத அந்த அழகான குறிப்பேட்டில் ஒரு கட்டம் கூட இல்லை.

அதற்குப் பிறகு குறிப்பேட்டை முதலில் கேட்பதை விட்டுவிட்டேன். வகுப்புக்கு முன்பே பேச ஆரம்பித்தோம். எங்கே தெரியுமா? பஸ்ஸில். மலையில் வேலை பார்க்கிற ஆசிரியர்களில் பலர் தினமும் சேலத்திலிருந்துதான் ஏறி வருவார்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவு. அதற்குள் ஒரு பாடத்தைப் பேசி முடித்துவிடலாம். வளைவில் எழுத முடியாது, எழுதினால் வாந்தி வரும். அதுவும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. பேசினோம்.

நான் கேட்டது மூன்றே கேள்வி. மணி அடிக்கும்போது பிள்ளையின் நோட்டில் என்ன இருக்க வேண்டும்? எந்த இடத்தில், எப்படித் தப்பு வரும்? வகுப்பு முடிகிறபோது போர்டு எப்படி இருக்கும்?

முதல் கேள்விக்கு ஆரம்பத்தில் எல்லாரும் "கழித்தலை அறிந்துகொள்வாங்க சார்" என்றுதான் சொல்வார்கள். அறிந்துகொண்டதை எப்படிப் பார்ப்பது என்று கேட்டால், நடுவில் பூஜ்யம் வருகிற இரண்டு கணக்கை யார் உதவியும் இல்லாமல் போட்டு, ஏன் அப்படிப் போட்டேன் என்று பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்று தானாகவே இறங்கி வருவார்கள். அது கிடைத்துவிட்டால் மதிப்பீடு என்ற தலைப்புக்குத் தனியாக எதுவும் தேட வேண்டாம்.

இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. ஜப்பானில் ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து ஒரே பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்க்கும் வழக்கம் உண்டு. அவர்கள் திட்டத்தில், பிள்ளைகள் என்னென்ன பதில் சொல்வார்கள் என்பதற்கே ஒரு பத்தி ஒதுக்குவார்கள். இதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் டீச்சர்களுக்கு இது நன்றாகவே தெரியும், பத்து வருடமாக அந்தத் தப்புகளைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அந்த நாகலூர் டீச்சர் ஒருநாள் பத்தாவது வளைவு தாண்டியதும் சொன்னார்: "சார், இதுங்களுக்குச் சில்லறை மாத்தத் தெரியுங்க. காப்பிக் கூலி வாங்கறப்போ அம்மாவோட நின்னு எண்ணுதுங்க." அடுத்த வாரம் அட்டையில் மூன்று நூறு ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் செய்து வந்தார். கையில் 302. கடைக்காரருக்குச் சரியாக 158 கொடுக்க வேண்டும், பாக்கி தர அவரிடம் சில்லறை இல்லை. என்ன செய்வாய்? ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்றணும், அதில் ஒரு பத்தை ஒன்று ஒன்றாக மாற்றணும் என்று பின்வரிசையிலிருந்து சத்தம். புத்தகம் 'இனமாற்றம்' என்று சொல்வதைச் சந்தைக்குப் போய் வந்த பிள்ளை செய்து காட்டிவிட்டது. அதற்கப்புறம் போர்டில் எழுதியபோது பூஜ்யத்தின் மேல் 9 எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

சரி, மதிப்பீட்டுக்கு வருகிறேன். என்.சி.இ.ஆர்.டி. 2013-இல் தொடக்கநிலை ஆசிரியர்களுக்காகக் கொண்டுவந்த பிண்டிக்ஸ் என்ற அளவுகோலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஏழு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பு. முதல் பகுதியே கற்றல் அனுபவங்களை வடிவமைப்பதுதான். அமெரிக்காவில் சார்லட் டேனியல்சன் என்ற கல்வியாளர் 1996-இல் கற்பித்தலுக்காக வகுத்த சட்டகத்திலும் நான்கு பெரும் பகுதிகளில் முதலாவது திட்டமிடலும் தயாரிப்பும். ஆனால் அங்கே வகுப்பைப் பார்ப்பதற்கு முன் உட்கார்ந்து பேசுவது முறையின் ஓர் அங்கம். 1960-களில் ஹார்வர்டில் மோரிஸ் கோகனும் ராபர்ட் கோல்ட்ஹாமரும் ஆசிரியர் பயிற்சிக்காக உருவாக்கிய வழிமுறையிலிருந்து வந்த பழக்கம் அது: முன்பேச்சு, பார்வை, அலசல், பின்பேச்சு. நம்மிடம் பார்வையும் மதிப்பெண்ணும் இருக்கின்றன. முன்பேச்சு விட்டுப்போய்விட்டது. உங்கள் பள்ளியில் அதை நீங்கள் சேர்த்துக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு சிக்கல், உதவுகிறவரும் கையெழுத்துப் போடுகிறவரும் நீங்கள்தான். "இதில் எனக்குக் குழப்பம்" என்று ஓர் ஆசிரியர் உங்களிடம் மனம் விட்டுச் சொல்லி, அது மாதக் கடைசியில் ஒரு குறிப்பாகத் திரும்பி வந்தால் முடிந்தது கதை, அப்புறம் வாயே திறக்க மாட்டார். அதனால் முன்பேச்சுக்கு உட்காரும்போது கையில் பதிவேடோ செல்போனோ வைத்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியரையே அந்த வேலைக்கு விடுங்கள். உங்களைவிட அவரிடம் நன்றாகப் பேசுவார்கள். மதிப்பீட்டுத் தாளை ஒளித்து வைக்கவும் வேண்டாம். ஆளுக்கு ஒரு நகல் கொடுத்து, இந்தப் பாடத்தில் எந்த ஒரு வரியைப் பார்க்கட்டும் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எல்லா வரியையும் ஒரே வகுப்பில் காட்ட முயன்றவர்களின் வகுப்பு நாடகமாகத்தான் இருக்கும், நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்யச் சொல்லிவிடாதீர்கள், ஓடிப்போவார்கள். ஓர் ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு பாடம் போதும். மற்றவை வழக்கமான சுருக்கக் குறிப்பாகவே இருக்கட்டும். அந்த மூன்று கேள்விக்கும் பதிலை ஒரு தாளில் குறித்து வைத்தால், அதை மறுபடி குறிப்பேட்டில் காப்பி எடுக்கச் சொல்லாமல், அப்படியே ஒட்டச் சொல்லுங்கள். இரட்டை எழுத்து வேலை வந்த நாளே இது செத்துவிடும். பழைய தலைப்புகள் எங்கே என்று எந்த அதிகாரியாவது கேட்டால், தப்பு வரும் இடத்துக்கு எதிரில் 'குறைதீர் கற்றல்' என்றும், போர்டு எப்படி இருக்கும் என்று வரைந்த படத்துக்கு எதிரில் 'தொகுத்தல்' என்றும் ஓரத்தில் எழுதிக் காட்டலாம். நாங்கள் அப்படித்தான் சமாளித்தோம்.

வகுப்பு முடிந்ததும் ஒரு கேள்வி போதும்: திட்டத்தை விட்டு எங்கே விலகினீர்கள், ஏன்? விலகியதைக் குறையாக எழுதாதீர்கள். ஒரு டீச்சர் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து இரண்டாவது செயல்பாட்டையே விட்டுவிட்டார். தாளின்படி அது 'திட்டமிட்டபடி முடிக்கவில்லை'. நான் பார்த்த நல்ல முடிவுகளில் அது ஒன்று.

உங்களுடையது மலைப்பகுதியா என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். பெற்றோரோடு தோட்டத்துக்குப் போய்விடும் பிள்ளைகள் வாரத்தில் மூன்று நாள் வந்தால் பெரிது. அந்த மாதங்களில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் கருத்தை வைத்தால் எப்பேர்ப்பட்ட திட்டமும் சரிந்துவிடும். அன்றன்றைக்கு முடிகிற பாடங்களை அங்கே தள்ளிவிடச் சொல்வேன். தறி ஓடுகிற ஊர், கொலுசுப் பட்டறை இருக்கிற ஊர் என்றால் அதற்கு வேறு காலண்டர் இருக்கும், உங்கள் ஆசிரியர்களிடமே கேளுங்கள்.

ஜூனில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். சேர்க்கை, இலவச நோட்டு, பிள்ளைகள் விவரத்தைக் கணினியில் ஏற்றும் எமிஸ் பதிவு என்று யாருக்கும் மூச்சு விட நேரமிருக்காது. ஜூலை இரண்டாம் வாரம், கணக்கு எடுக்கிற ஒரே ஓர் ஆசிரியரோடு, கழித்தலிலிருந்தே தொடங்குங்கள். 302-ஐயும் 158-ஐயும் வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.