யாரும் கேட்காத ஐந்து ஆல்பங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ராக் குழுவான கைடட் பை வாய்சஸின் ‘பீ தௌசண்ட்’ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்த ஆல்பத்தைக் கேட்டேன். ஒரு மாதம் வேறு எதிலும் மனம் செல்லவில்லை. அந்த வேகத்திலேயே, அவர்களுடைய ஆரம்பகால ஆல்பங்களைத் தொகுத்து 1995இல் வெளியான ‘பாக்ஸ்’ என்ற குறுந்தகட்டுப் பெட்டியின் பழைய பிரதி ஒன்றை வெளிநாட்டு நண்பர் மூலம் வரவழைத்தேன். ஐந்து தகடுகளையும் வரிசையாகக் கேட்டு முடித்தேன். ஏமாற்றம்தான் மிஞ்சியது. முதல் இரண்டு ஆல்பங்களில் ஆர்.ஈ.எம். என்ற புகழ்பெற்ற ராக் குழுவின் சாயல் அப்பட்டமாகத் தெரிகிறது. பக்குவம் வருவதற்கு முன் செய்தவற்றைக் கலைஞனே அழித்துவிட வேண்டாமா? புகழ் வந்ததும் பழையதைத் தூசி தட்டி விற்பது வியாபாரம் ஆகாதா? தவிர, நீங்கள் உயர்வாகச் சொன்ன ‘ப்ரொப்பெல்லர்’ இந்தப் பெட்டியிலேயே இல்லையே, ஏன்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ‘பாக்ஸ்’ இரண்டு வடிவங்களில் வந்தது. இசைத்தட்டுப் பெட்டியில் ‘ப்ரொப்பெல்லர்’ உண்டு. குறுந்தகட்டுப் பெட்டியில் இல்லை. 1993இலேயே அதை ‘வாம்பயர் ஆன் டைட்டஸ்’ ஆல்பத்தோடு சேர்த்து ஒரே குறுந்தகடாக ஸ்கேட் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் வெளியிட்டிருந்தது. உங்களிடம் இருப்பவை முதல் நான்கு ஆல்பங்களும், விடுபட்ட பாடல்களைத் திரட்டிய ‘கிங் ஷிட் அண்ட் த கோல்டன் பாய்ஸ்’ என்ற தட்டும். ‘ப்ரொப்பெல்லரை’த் தனியாகத் தேடிக் கேட்டுவிடுங்கள். அதைக் கேட்காமல் இந்தப் பெட்டியைப் பற்றிய தீர்ப்பை முடிக்க முடியாது.

வியாபாரம் என்ற சந்தேகத்தை நான் ஏற்கவில்லை. ஸ்கேட், க்ளீவ்லாந்து நகரில் ராபர்ட் க்ரிஃபின் என்ற ஒருவர் நடத்திய சிறிய நிறுவனம். 1994இல் ‘பீ தௌசண்ட்’ வெளிவந்து பேசப்பட்ட பிறகு, இவர்கள் இதற்கு முன் என்ன செய்தார்கள் என்று தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்த ஆல்பங்கள் சில நூறு பிரதிகளே அச்சாகி, பெரும்பாலும் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரத்தைத் தாண்டாமலே முடிந்துபோனவை. ‘பாக்ஸ்’ அவற்றை மறுமுறை விற்றது என்று சொல்வதைவிட, முதல்முறையாக வெளியிட்டது என்று சொல்வதே பொருந்தும்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். ஆர்.ஈ.எம். சாயல் பற்றி நீங்கள் சொல்வது சரி. எண்பதுகளின் நடுவில் அமெரிக்கச் சிறுநகரங்களில் கிதார் எடுத்த பலர்மீதும் அந்தக் குழுவின் தாக்கம் இருந்தது. மணி குலுங்குவதுபோல ஒலிக்கும் கிதார், வாய்க்குள்ளேயே கரைந்துபோகும் சொற்கள். பெட்டியில் சேர்க்கப்படாத 1986ஆம் ஆண்டின் சிறு தட்டு ஒன்று உண்டு, ‘ஃபாரெவர் சின்ஸ் பிரேக்ஃபாஸ்ட்’. அதைக் கேட்டால் சாயல் இன்னும் அடர்த்தியாகத் தெரியும். நானும் இந்தப் பெட்டியை முதல்முறை கேட்டபோது இரண்டாவது தகட்டோடு நிறுத்திவிட்டேன். பல மாதங்கள் அது அலமாரியில் கிடந்தது.

என்னைத் திரும்ப அதனிடம் கொண்டுவந்தது இசை அல்ல, ஒரு தகவல். பாடல்களை எழுதிப் பாடிய ராபர்ட் பொல்லார்ட் நான்காம் வகுப்பு ஆசிரியர். பதினான்கு ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தவர். சிறுவனாக இருந்தபோதே, இல்லாத குழுக்களின் இல்லாத ஆல்பங்களுக்கு அட்டைப்படம் செய்து விளையாடியவர். 2000இல் ‘சூட்கேஸ்’ என்று இன்னொரு பெட்டி வந்தது. அதில் நூறு பாடல்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு கற்பனைக் குழுவின் பெயர். நாற்பது வயதைக் கடந்த பிறகும் அந்தச் சிறுவன் அப்படியே இருக்கிறான்!

இதைத் தெரிந்துகொண்டு ‘டெவில் பிட்வீன் மை டோஸ்’ என்ற முதல் ஆல்பத்தை மறுபடி கேட்டபோது எனக்கு அது வேறொன்றாக ஒலித்தது. 1987இல் அந்தக் குழு மேடை ஏறுவதையே கிட்டத்தட்ட விட்டுவிட்டிருந்தது. ரசிகர்கள் இல்லை, விமர்சகர்கள் இல்லை. வீட்டார் இதைப் பணத்தைக் கரைக்கும் வேலையாகத்தான் பார்த்தார்கள். அப்படிப்பட்டவர்கள் ஏழெட்டுப் பாடல்களைக் கேசட்டில் பதிந்து நண்பர்களுக்குக் கொடுத்திருந்தாலே போதும். பொல்லார்ட் அப்படிச் செய்யவில்லை. சம்பளப் பணத்தையும் கடனையும் போட்டு முழு நீள இசைத்தட்டு அச்சிட்டார். முதல் பக்கம் எங்கே முடிய வேண்டும், இரண்டாம் பக்கம் எதில் தொடங்க வேண்டும் என்று யோசித்தார். பாடல்களுக்கு நடுவே சொற்களற்ற சிறு துண்டுகளை வைத்தார். ‘எ போர்ட்ரெய்ட் டிஸ்ட்ராய்ட் பை ஃபயர்’ என்று நீண்ட, மந்தமான, புகை சூழ்ந்ததுபோன்ற ஒரு பாடலுக்கு இடம் கொடுத்தார். அதே ஆண்டில் ‘சாண்ட்பாக்ஸ்’ என்ற இரண்டாவது ஆல்பத்தையும் அச்சிட்டார். உலகமே தன் அடுத்த தட்டுக்காகக் காத்திருக்கிறது என்று நம்பும் ஒருவர் செய்கிற காரியம் இது. அந்த நம்பிக்கைக்கு வெளியில் எந்த ஆதாரமும் இல்லை.

அதனால்தான் இவற்றைப் பயிற்சி ஏடுகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயிற்சி செய்பவனுக்கு நாளை ஒரு தேர்வு இருக்கிறது. இவருக்கு அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு தட்டும் முடிவான படைப்பாகவே செய்யப்பட்டது. ‘பீ தௌசண்ட்’ என்ற உச்சியிலிருந்து கீழே பார்த்தால்தான் இவை படிக்கட்டுகளாகத் தெரிகின்றன. ஏறியவர் படிக்கட்டு ஏறுகிறோம் என்று அறிந்திருக்கவில்லை. தான் அடையப்போகும் இடத்தை அறியாத ஒருவரை, ‘இதை எரித்துவிடு’ என்று நாம் எந்த உரிமையில் கேட்பது?

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ‘சாண்ட்பாக்ஸ்’ எனக்கு இன்றும் பலவீனமான ஆல்பம்தான். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, மெட்டு கச்சிதமாக இருக்கிறது, மனதில் ஒன்றும் தங்குவதில்லை. 1989இன் ‘செல்ஃப்-இன்ஃப்ளிக்டட் ஏரியல் நாஸ்டால்ஜியா’வில்தான் மாற்றம் தொடங்குகிறது. ‘நேவிகேட்டிங் ஃப்ளட் ரீஜன்ஸ்’ பாடலைக் கேளுங்கள். இரவல் குரல் விலகி, பொல்லார்ட் பிற்காலத்தில் பேசப்போகும் மொழி அங்கே வாய் திறக்கிறது. பாப், பங்க், சைக்கடெலிக், ப்ராக் என்ற நான்கு இசை வகைகளும் கலந்ததே தன் இசை என்று அவர் பின்னாளில் சொன்னார். ஒஹையோ ஆசிரியர் ஒருவர் ஆங்கிலேய உச்சரிப்பில் பாடுகிறார் என்பதும் அதன் பகுதி. சிறுவயதில் எந்த இசைத்தட்டுகளை நேசித்தாரோ, அவற்றுக்குள்ளேயே குடியேறிவிட்ட குரல் அது.

நான்காவது ஆல்பத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. முதல் மூன்றின் களைப்போடு அதை அணுகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 1990இல் வந்த ‘சேம் பிளேஸ் த ஃப்ளை காட் ஸ்மாஷ்ட்’ இந்தப் பெட்டியின் இதயம். ‘பீ தௌசண்ட்’ ஆல்பத்துக்குச் சற்றும் குறையாத படைப்பு என்று துணிந்து சொல்வேன். குடியில் அழியும் ஒருவனின் சரிவை அது தளர்வாகப் பின்தொடர்கிறது. கதை என்று கோத்துச் சொல்ல முடியாது. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குத் தடுமாறி நடப்பதுபோலப் பாடல்கள் வருகின்றன. ‘பெண்டுலம்’ பாடலில் நண்பர்களோடு கழியும் ஒரு மாலையின் களிப்பு. ‘ட்ரிங்கர்ஸ் பீஸ்’ பாடலில் ஒற்றைக் கிதாரும் ஒரு குரலும் மட்டும். குடி தரும் அந்தச் சில மணி நேர அமைதியை ஒருவன் நியாயப்படுத்தவும் இல்லை, அதற்காக மன்னிப்புக் கேட்கவும் இல்லை. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியர், யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்திருந்ததால்தான் இவ்வளவு மறைப்பின்றிப் பாட முடிந்ததோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அதற்குப் பிறகுதான் ‘ப்ரொப்பெல்லர்’. 1992. கடன் சேர்ந்துவிட்டது, இதோடு நிறுத்திக்கொள்வோம் என்ற முடிவில் செய்த ஆல்பம். அட்டை அச்சிடக் காசில்லாததால் ஐந்நூறு பிரதிகளுக்கும் குழுவினரும் நண்பர்களும் சேர்ந்து கையால் அட்டை செய்தார்கள். அந்தப் பிரதிகளில் ஒன்றுதான் க்ளீவ்லாந்துக்குப் போய் க்ரிஃபின் கையில் சேர்ந்தது. மற்றதெல்லாம் அங்கிருந்து தொடங்கியது. 1993இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற ராக் அரங்கமான சிபிஜிபியின் மேடை, 1994இல் பொல்லார்ட் ஆசிரியர் வேலையை விட்டது, எல்லாம்.

அந்த ஆல்பத்தின் முதல் சில நொடிகளை நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு எழுதினேன். ஒரு பெரிய அரங்கின் ஆரவாரம் எழுகிறது. கூட்டம் குழுவின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளை ‘ஜி, பி, வி’ என்று ஒவ்வொன்றாக முழங்குகிறது. பிறகு கிதார் பாய்கிறது. அந்தக் கூட்டம் பொய். ஒலிப்பதிவின்போது குழுவினரே கத்தி உருவாக்கிக்கொண்டது. மேடை ஏறுவதையே கிட்டத்தட்ட விட்டுவிட்ட, இனி ஏறப்போவதும் இல்லை என்று நினைத்த ஒரு குழு, தன் கடைசித் தட்டில் தனக்குத் தானே ரசிகர்களை உண்டாக்கிக்கொண்டது. சில ஆண்டுகளுக்குள் உண்மையான கூட்டங்கள் அதே மூன்று எழுத்துகளை அவர்களைப் பார்த்து முழங்கின.

பெட்டியை மறுபடி எடுத்தால் வரிசையை மாற்றிக் கேளுங்கள். நான்காவது தகட்டிலிருந்து தொடங்குங்கள். ஒரே இரவில் வேண்டாம். அடுத்து ‘ப்ரொப்பெல்லர்’, பிறகு மூன்றாவது தகடு, முதல் ஆல்பம் கடைசியில். ‘சாண்ட்பாக்ஸ்’ ஆல்பத்தை முழுதாகக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. அதிலிருக்கும் ‘லாங் டிஸ்டன்ஸ் மேன்’ என்ற சிறிய பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். கேட்ட பிறகு எழுதுங்கள்.

அன்புடன்.