யானையைப் பற்றி ஒய்பிக்களுக்கு (மக்கள் பிரதிநிதிகளுக்கு) பாடம் எடுக்கும் வேலை

அக்கா, போன சனிக்கிழமை சுங்கை சிப்புட்டில் டியூஷன் முடிந்து மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது, மோட்டாரை அணைக்காமலேயே கேட்டீர்கள்: "சார், ஆறாம் படிவம் முடிச்சிட்டு மிருகத்தைக் காப்பாத்தப் போறேங்கிறா. அதுக்கெல்லாம் ஒரு படிப்பா?" வாசலில் நின்று அரை நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பயம். பிள்ளை காட்டில் கூடாரம் போட்டுப் படுக்கப் போகிறாள் என்று நினைக்கிறீர்கள். அவள் என்னிடம் சொன்னது வேறு. வாஷிங்டனில் ஐசிசிஎஃப் என்று ஓர் அறவாரியம் இருக்கிறது. 2003இல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து, வெளிநாடுகளின் காடு, கடல், வனவிலங்குப் பாதுகாப்பைக் கவனிக்க ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழுவுக்கு விஷயம் தெரிந்த ஆட்களைக் கொண்டுவந்து உட்கார வைத்துப் பேச வைப்பது அறவாரியத்தின் வேலை. ஆப்பிரிக்காவில் சோளம் விதைப்பவர் யானையோடு படும் பாடு, அமெரிக்காவில் சோளம் விளையும் ஊரிலிருந்து வந்த உறுப்பினருக்கு எப்படித் தெரியும்? ஆனால் பணம் ஒதுக்க ஓட்டுப் போடுவது அவர்தான். கென்யா, கொலம்பியா போன்ற நாடுகளிலும் நாடாளுமன்றத்துக்குள் இப்படிக் குழுக்கள் அமைய இதே அறவாரியம் உதவியிருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "இந்த மசோதாவுக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று கேட்டால் அது லாபி. அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற தர்ம அமைப்புகள் அதை ஓர் அளவுக்கு மேல் செய்யக்கூடாது. "நிலைமை இது, காரணம் இது, மற்ற நாடுகள் செய்தது இது" என்று விளக்கினால் அது கல்வி. கோடு மெல்லியதுதான். பெரிய கம்பெனிகளும் இப்படிப்பட்ட அமைப்புகளுக்குப் பணம் தருவதால் விமர்சனமும் உண்டு. மகள் இதையும் தெரிந்துகொண்டே உள்ளே போகட்டும்.

அமெரிக்காக்காரன் சட்டம் போட்டால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். 2016இல் அங்கே வனவிலங்குக் கடத்தலுக்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த எட் ராய்ஸ், அந்த நாடாளுமன்றக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். கடத்தலில் கவனிக்க வேண்டிய நாடுகள் எவை என்று அந்தச் சட்டப்படி பட்டியல் போட்டார்கள். அதில் மலேசியாவும் இருந்தது. அலுங்கும் (செதில் எறும்புத்தின்னி) யானைத் தந்தமும் நம் துறைமுகம் வழியாகப் போவது அங்கே கோப்பில் ஏறிவிட்டது.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே இந்த வேலை இன்னும் சிக்கல், அதனால் இன்னும் தேவை. நம் அரசியலமைப்பில் நிலமும் காடும் மாநிலத்தின் கையில். வனவிலங்குப் பாதுகாப்பு மத்திய அரசு, மாநிலம் இரண்டுக்கும் பொது. புலி மத்திய அரசின் சட்டத்தில் இருக்கும், அது படுத்திருக்கும் காட்டை வெட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது மாநிலம். வனவிலங்குச் சட்டத்தை 2022இல் திருத்தி, அபராதத்தை 1 மில்லியன் வெள்ளி வரையும் சிறையை 15 ஆண்டு வரையும் உயர்த்தினார்கள். நல்லதுதான். ஆனால் 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் காட்டில் இருந்த மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. காட்டை வெட்டினால் மாநிலத்துக்கு வருமானம், வைத்திருந்தால் என்ன கிடைக்கும்? இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு பணம் தரும் ஏற்பாடு வந்தது. 2019 பட்ஜெட்டில் 60 மில்லியன் வெள்ளி, 2024இல் 200 மில்லியன். யாரோ கணக்குப் போட்டுக் காட்டி, யாரோ நிதியமைச்சில் உட்கார்ந்து பேசியிருந்தால்தான் இப்படி ஓர் ஒதுக்கீடு பட்ஜெட்டில் ஏறும். உங்கள் மகள் ஆசைப்படுவது அந்த நாற்காலிக்கு.

அப்படியானால் என்ன படிப்பது? என் கருத்து, சட்டம். மலாயா பல்கலைக்கழகமோ தேசியப் பல்கலைக்கழகமோ கிடைத்தால் விடக்கூடாது. பாதுகாப்பு உயிரியல் என்று சபா பல்கலைக்கழகத்தில் நேரடியாகவே ஒரு பட்டம் இருக்கிறது, அவள் கண் அதன் மேல்தான். அது கெட்ட படிப்பில்லை. ஆனால் விலங்கு தெரிந்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். சட்டமும் தெரிந்து, விலங்கையும் ஓரளவு தெரிந்து, இரண்டு பக்கத்தில் நல்ல மலாயில் எழுதத் தெரிந்த ஆள்தான் குறைவு. இன்னொன்று, இந்த அமைப்பு வேலை சரிவராமல் போனாலும் சட்டப் பட்டம் சோறு போடும். இதை உங்களுக்காகச் சொல்கிறேன், அவளுக்காக அல்ல. மூயட் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணை இன்னும் ஏற்ற வேண்டும். ஆங்கிலம் பேசுகிறாள், எழுதும்போதுதான் தடுமாறுகிறாள்.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். தொடக்கத்தில் பேங்க் வேலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பல இடங்களில் ஓராண்டு, இரண்டாண்டு ஒப்பந்தம், நிதி முடிந்தால் வேலையும் முடியும். இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கட்டுகிறார்களா என்று முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பத்து வருடத்துக்கு முன், பறவை பறவை என்று சுற்றிய ஒரு பையனை நான்தான் கணக்கியலுக்குத் தள்ளினேன். இன்று நல்ல சம்பளம், சொந்த வீடு. தைப்பூசத்தில் பார்த்தால் இன்னும் பறவையைப் பற்றித்தான் பேசுகிறான். நான் செய்தது சரியா என்று எனக்கே தெளிவில்லை.

உங்கள் மகளிடம் கேஎல் பிள்ளைகளிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. மறுநடவு செய்த பகுதியில் யானை இறங்கி, நீங்கள் நர்சரியில் வளர்த்த செம்பனைக் கன்றுகளின் குருத்தை ஒரே இரவில் பிடுங்கித் தின்ற கதையை என்னிடம் சொன்னாள். யானை மேல் கோபமும் இல்லை, அம்மாவுக்கு அன்றைய உழைப்பு போனதே என்ற வருத்தமும் குறையவில்லை. இரண்டையும் சேர்த்தே சொன்னாள். மின்வேலி போடுவதா, பிடித்துக் கொண்டுபோய் ரோயல் பெலும் காட்டில் விடுவதா, விட்டால் திரும்பி வருமா என்று ஒரு ஒய்பிக்கு விளக்க இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். 2019இல் நம் நாடாளுமன்றத்திலும் நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்காக அனைத்துக் கட்சிக் குழு ஒன்று அமைந்தது. தொகுதி தொகுதியாகப் போய்ப் பிரச்சினையைக் கேட்கும் குழு அது. பட்டம் படிக்கும்போதே அங்கே பயிற்சிக்கு இடம் கேட்டுப் பார்க்கலாம்.

முடிவெடுக்கும் முன் ஒரு சின்னச் சோதனை. 2022இல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டத் திருத்தம் பற்றிய விவாதத்தின் நாடாளுமன்ற அறிக்கை மலாயில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை மகள் முழுதாகப் படிக்கட்டும். படித்துவிட்டு இரண்டு பக்கம் எழுதட்டும்: ஒன்று சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினருக்கு, ஒன்று நம் சட்டமன்ற உறுப்பினருக்கு. உங்கள் சட்டமன்றத் தொகுதி லிந்தாங்கா ஜாலோங்கா என்று வீட்டு முகவரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பக்கத்தில் தூக்கம் வந்துவிட்டால் சபா படிப்பையே பேசலாம். விடிய விடியப் படித்தால் யுபியு (அரசுப் பல்கலைக்கழக நுழைவு) விண்ணப்பத்தில் சட்டத்தை முதலில் போடுவோம்.

வரும் சனிக்கிழமை அந்த இரண்டு பக்கத்தையும் ஆறாம் படிவ முதல் தவணைத் தேர்வு முடிவையும் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்களும் கொஞ்சம் முன்னதாக வாருங்கள், மோட்டாரை அணைத்துவிட்டு உள்ளே வந்து உட்காருங்கள்.