குப்பையை எரித்த சாம்பலில் தங்கம் இருக்கிறதாமே, வீட்டிலேயே எடுக்க முடியுமா?

இருக்கிறது, ஆனால் கையால் எடுக்கிற மாதிரி இல்லை. பழைய கம்ப்யூட்டர் போர்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கொல்லையில் கொளுத்தலாமா என்று யோசிக்கிறீர்கள் என நினைக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

நான் சிங்கப்பூர் துவாஸில், குப்பைச் சாம்பலில் இருந்து உலோகம் பிரிக்கிற வேலையில் நாலு வருஷம் இருந்தவன். இன்ஜினியர் இல்லை, பெல்ட்டில் நின்ற ஆள். படித்தவர்கள் யாராவது வந்து திருத்தினால் சரி, ஆனால் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். அங்கே எரியக்கூடிய குப்பையெல்லாம் உலைக்குப் போய், பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கி, சாம்பலாகக் கடல் வழியே செமகாவ் என்ற குப்பை கொட்டும் தீவுக்குப் போகும். 1999-ல் திறந்த அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கக் கணக்கு. அதனால் சாம்பலில் இருந்து எடுக்கிற ஒவ்வொரு டன் இரும்பும் அங்கே இடத்தை மிச்சப்படுத்துகிறது.

தண்ணீரில் அணைத்த சாம்பல் ஈரமாகத்தான் வரும். சல்லடை தாண்டினால் பெரிய காந்தம். ஆணி, கம்பி, டப்பா எல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பெல்ட் முனையில், உருளைக்குள்ளே காந்தங்கள் படுவேகமாகச் சுற்றும். அலுமினியமும் செம்பும் காந்தத்தில் ஒட்டாதவை, ஆனால் அந்தச் சுற்றில் அவற்றுக்குள்ளேயே மின்சாரம் கிளம்பி எகிறிப்போய்த் தனியாக விழும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடுவதால் கூழாங்கல் மாதிரி உருண்டு கிடக்கும். காசுகளும் வரும். 2013-க்குப் பிறகு வந்த பத்து சென்ட், இருபது சென்ட் காசுகள் உள்ளே இரும்பு என்பதால் காந்தத்தோடு போய்விடும், பழைய காசுகள் ஒட்டாமல் தப்பித்து அடுத்த கட்டத்துக்கு வந்து நிற்கும். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தங்கம் பொடியாகச் செம்புத் துகள்களோடு கலந்து கிடக்கும், அதை உருக்காலையில்தான் பிரிக்க முடியும். ஈரச் சாம்பல் களியாக ஒட்டுவதால் பொடி சரியாகப் பிரியாது. அதற்காகவே சுவிட்சர்லாந்தில் ஹின்வில் என்ற ஊரில் தண்ணீர் ஊற்றாமல் உலர்ந்த சாம்பலாகவே எடுக்கிறார்கள்.

ஊரில் என்ன பேச்சு தெரியுமா? "சாம்பல்ல தங்கம் பொறுக்கித்தான் வீடு கட்டினான்" என்று. சொந்தச் சித்தப்பாவே சொன்னார். அம்மாவின் நாலு பவுன் சங்கிலியை விற்று ஏஜென்ட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனவன் நான். ஒன்றரை வருஷ ஓவர்டைம் அந்தப் பணத்தை ஈடுகட்டவே சரியாகப் போனது. சம்பளம் ஒன்று சொல்லி அழைத்துப்போய் வேறு கொடுத்த அந்த ஆளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாம்பலில் சுண்ணாம்பு இருக்கும், கையுறை கிழிந்தால் தோல் உரியும். என் வலது கை விரல்களில் இன்னும் தழும்பு இருக்கிறது.

சரி, உங்கள் போர்டுகள். உத்தரப்பிரதேச மொராதாபாத்தில் இப்படி எரித்து, ராம்கங்கை ஆற்றங்கரையில் சாம்பலைக் கழுவிக் கழுவி மண்ணையும் தண்ணீரையும் ஈயத்தால் கெடுத்துவிட்டார்கள். திறந்தவெளியில் பிளாஸ்டிக்கும் செம்பும் சேர்ந்து எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும், பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதைத்தான் சுவாசிக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த மின்கழிவு நிறுவனங்கள் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. போர்டை உடைக்காமல் முழுசாகக் கொடுங்கள்.